ஜோன் ஸ்னோவின் வெந்த கை

திருமலையான்:
நேற்று 'கேம் ஆஃப் துரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரைப் பற்றி உப்புவெளிக் காகம் எழுதியதை வாசித்த பின் எனக்கு மனம் ஆறவில்லை. "டார்கேரியன் இரத்தம் உடையவரை நெருப்புச் சுடாது; முதற் பருவத்தில் ஜோன் ஸ்னோவின் கை வெந்தது; ஆகவே அவர் ரேகாரின் மகன் என்பது பின்னாளில் ஒட்டப்பட்ட கதை" என்பது அவருடைய வாதம். டார்கேரியன் என்பது நெருப்புக் கக்கும் டிராகன்களில் ஏறிப் பறந்த அரச குலம். ரேகார் அக்குலத்து இளவரசர். ஜோன், ஸ்டார்க் குடும்பத்தில் வளர்ந்து, பின்னாளில் ரேகாரின் மகன் என்று தெரியவருகிறவர். அந்தத் தொடரை 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவமும் ஓர் அங்கம் தவறாமல் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இந்த வாதத்தின் முதல் வரியே பிழை. டார்கேரியன் இளவரசி டெனேரிஸின் கூடப்பிறந்த அண்ணன் விசேரிஸ், முதற் பருவத்தின் ஆறாம் அங்கத்தில், உருக்கிய தங்கம் தலையில் ஊற்றப்பட்டு இறக்கிறான். ஒரே தாய், ஒரே தந்தை. இரத்தம்தான் காப்பு என்றால் அது அவனை ஏன் காக்கவில்லை? மூலக்கதையை எழுதிய ஜோர்ஜ் மார்ட்டினே, டார்கேரியன்களையும் நெருப்புச் சுடும் என்றும், கணவனின் சிதைத் தீயில் புகுந்த டெனேரிஸ் சாகாமல் மீண்டு, அங்கே டிராகன்கள் பிறந்தது தனித்த ஓர் அற்புதம் என்றும், தொடர் வருவதற்கு வெகுகாலம் முன்பே விளக்கிவிட்டார். "ஒட்டப்பட்ட கதை" என்பதும் தவறு. தொடராக்க அனுமதி கேட்டு வந்த இருவரிடம் ஜோனின் தாய் யார் என்று அவர் கேட்டதும், அவர்கள் சரியான விடை சொன்னதும் பலமுறை வெளிவந்த செய்தி.

உப்புவெளிக் காகம்:
மார்ட்டின் சொன்னது புத்தகத்துக்கு. நான் பேசுவது தொடரைப் பற்றி. புத்தகத்தில் சிதையிலிருந்து வரும்போது டெனேரிஸின் தலைமுடி எரிந்துபோயிருக்கும். தொடரில் ஒரு மயிர்கூடக் கருகவில்லை. ஆறாம் பருவத்தில் டோத்ராக்கிக் குதிரைவீரர்களின் நகரான வாயஸ் டோத்ராக்கின் மண்டபத்தைக் கொளுத்திவிட்டு அவர் இரண்டாம் முறையும் நெருப்புக்குள்ளிருந்து நடந்து வருகிறார். ஒருமுறை நடந்தால் அற்புதம் என்று ஒப்புக்கொள்ளலாம். மறுமுறையும் நடந்தால் அது உடம்பின் இயல்பு, இயல்பு பிறப்பால் வருவது. விசேரிஸைக் கொன்றது உருகிய உலோகம், நெருப்பு அன்று. ஜோனின் கை நெருப்பில் வெந்தது. அதற்கு விடை சொல்லுங்கள்.

கன்னியா ஊற்று:
தம்பி, உலோகம் வேறு, நெருப்பு வேறு என்று பிரிக்க முன்னர் அதே ஆறாம் அங்கத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். தணலில் காய்ந்த டிராகன் முட்டையை டெனேரிஸ் வெறுங்கையால் எடுக்கிறார். அதைப் பறித்த பணிப்பெண் இர்ரியின் கை வெந்துவிடுகிறது, டெனேரிஸின் கையில் ஒரு வடுவும் இல்லை. சுட்டது கல் போன்ற முட்டைதானே, சுடர் அன்றே. என் எண்ணம் இதுதான்: சக்தி இரத்தத்தில் வித்தாகக் கிடக்கிறது, டிராகனின் அருகாமை அதை முளைக்க வைக்கிறது. அதே பருவத்தின் எட்டாம் அங்கத்தில், உயிர்பெற்று எழுந்த பிணத்தின்மேல் எரியும் விளக்கைப் பிடித்து எறிந்தபோது ஜோன் தன் வாழ்நாளில் டிராகனின் நிழலைக்கூடக் கண்டதில்லை. மேலும் ஒரு வேண்டுகோள். நெருப்பைத் தாங்குவது, டிராகன்மேல் ஏறுவது, வருவதைக் கனவில் காண்பது ஆகிய மூன்றும் வேறு வேறு. "பரம்பரைச் சக்தி" என்று எதைச் சொல்கிறோம் என வரையறுத்துக்கொண்டு தொடரலாமா?

உப்புவெளிக் காகம்:
வரையறை பிறகு பார்ப்போம். கை வெந்ததா, இல்லையா?

திருமலையான்:
வெந்தது. யார் மறுத்தார்? அது எதை நிரூபிக்கிறது என்பதில்தான் உங்களோடு முரண்படுகிறேன். உலோகம் நெருப்பு அன்று என்ற உங்கள் விதியையே எடுத்துக்கொள்வோம். ஜோன் பிடித்தது உலோக விளக்கு. அப்படியானால் அவரைச் சுட்டதும் உலோகமே, உங்கள் விதிப்படியே அந்தக் கை எதற்கும் சாட்சியாகாது. விசேரிஸுக்கு ஒரு விதி, ஜோனுக்கு ஒரு விதி என்று வைத்துக்கொள்ள முடியாது.

கன்னியா அக்காவின் முளைக்கும் வித்தும் நிற்காது. முன்கதைத் தொடரான 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' 2024இல் வெளிவந்த இரண்டாம் பருவத்தின் நான்காம் அங்கத்தில், அரசன் இரண்டாம் ஏகன் ரூக்ஸ் ரெஸ்ற் போரில் டிராகன் நெருப்பில் வெந்து விழுகிறான். கவசம் சதையோடு ஒட்டிப்போகிறது. அவன் தந்தை வழியில் அசல் டார்கேரியன், சன்ஃபயர் என்ற டிராகனில் ஏறிப் பறந்தவன், அந்த நேரத்திலும் அதன் முதுகில்தான் இருந்தான். இதைவிட அருகாமை எது?

எங்கள் பக்கத்து அம்மன் கோயில்களின் தீமிதிப்பைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்க வேண்டும். தகப்பன் இருபது வருடம் தீ மிதித்தவர் என்பதற்காக மகன் விரதம் இல்லாமல் குழியில் இறங்குவதில்லை. இறங்குகிறவர் தம் விரதத்தை நம்பி இறங்குகிறாரே தவிரத் தகப்பனின் காலை நம்பி அன்று. டெனேரிஸும் அப்படியே, கணவனின் சிதை, சூனியக்காரியின் உயிர், மூன்று முட்டைகள் எல்லாம் ஓரிடத்தில் கூடிய பிறகே அவருக்கு அது கிடைத்தது.

தம்பலகாமத்து ஆள்:
அம்மன் தீமிதிப்பையும் தொலைக்காட்சிக் கதையையும் ஒரே தட்டில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். விரதம் இருந்து இறங்குகிறவர்களுக்கு அது விளையாட்டு அன்று. புத்தகங்களைப் பற்றிய சென்ற விவாதத்திலும் திருமலையான் இதையே செய்தார். விடை தடுமாறும் இடத்தில் ஊர்க் கதை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். அன்று நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. மூலக்கதையில் ஸ்டார்க் பிள்ளைகள் அறுவருக்கும் விலங்கின் உடம்பில் புகும் ஆற்றல் உண்டு, ஜோனும் அதில் ஒருவர். தொடரில் அது அவர்களில் ஒருவனான பிரானுக்கு மட்டும் கொடுக்கப்பட்டிருக்கிறது. பரம்பரை இல்லை என்றால் அறுவருக்கும் எப்படி வந்தது?

திருமலையான்:
தீமிதிப்பை நான் இழிவாகச் சொல்லவில்லை, உயர்வாகவே சொன்னேன். ஸ்டார்க் பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு அன்றே விடை தந்தேன், நீங்கள் வாசிக்கவில்லை. பரம்பரையே இல்லை என்று நான் எங்கும் எழுதியதில்லை. இரத்தம் கொடுப்பது டிராகனோடு உறவு. 2019இல் எட்டாம் பருவத்தின் முதல் அங்கத்தில் ஜோன் ரேகல் என்ற டிராகனின்மேல் ஏறிப் பறக்கிறாரே, அவருடைய பிறப்புக்கு அதுவே சாட்சி. நெருப்பைத் தாங்குவது அந்த முதிசத்தில் சேராது.

தம்பலகாமத்து ஆள்:
அந்த உறவும் இரத்தத்தால் மட்டும் வருவதில்லையே. அதே 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் ஸ்டெஃபன் டார்க்லின் என்ற வீரர், முன்னோர் வழியில் டார்கேரியன் இரத்தம் உண்டு என்பதால் சீஸ்மோக் என்ற டிராகனின் முன் நிறுத்தப்பட்டு எரிந்து சாகிறார். திருக்கோணேச்சரக் கோயிலின் ஒழுங்குகளைச் சொல்லும் கோணேசர் கல்வெட்டில் தானத்தார், வரிப்பற்றார் என்று கோயில் தொழும்பு வழிவழியாக வகுக்கப்பட்டிருக்கிறது. உரிமை பிறப்பால் வந்தாலும் தொண்டைச் செய்தால்தான் அது நிலைக்கும். டிராகனும் ஆளைப் பார்த்தே ஏற்கும்.

திருமலையான்:
என் தீமிதிப்பு ஆகாது, உங்கள் கல்வெட்டு மட்டும் ஆகுமா?

பத்தர் வீட்டுப் பிள்ளை:
தங்கத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தங்கம் உருக 1064 பாகை செல்சியஸ் வேண்டும். எங்கள் தகப்பனார் மூசையில் இட்டுத் துருத்தி ஊதி உருக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். கறிச்சட்டி போன்ற பாத்திரத்தில் தங்க இடுப்புப் பட்டியைப் போட்டுச் சமையல் நெருப்பில் சில நிமிடங்களில் உருக்க இயலாது. நடக்கவே முடியாத காட்சியை வைத்து விசேரிஸின் இரத்தத்தை எப்படி அளப்பீர்கள்?

உப்புவெளிக் காகம்:
அப்படிச் சொல்லுங்கள். விசேரிஸின் சாவு கணக்கில் வராது.

கன்னியா ஊற்று:
டிராகன் பறப்பதை ஏற்றுக்கொண்டு பாத்திரத்தின் சூட்டை ஏற்க மறுப்பது என்ன நியாயம்? அதை விடுங்கள். ஏகனைக் காட்டி என் கருத்தை வீழ்த்திவிட்டதாகத் திருமலையான் நினைக்கிறார். ஏகன் வெந்தான், ஆனால் சாகவில்லை. டிராகன் நெருப்பு மற்றவர்களை நின்ற இடத்திலேயே கரியாக்குவதை எத்தனை முறை பார்த்தோம்? எங்கள் கன்னியாவில் ஏழு வெந்நீர் ஊற்றுகளும் அருகருகே இருந்தும் ஒன்றின் சூடு மற்றொன்றில் இல்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு நிறையவும் ஒருவருக்குக் குறையவும் வருவதைப் பரம்பரை அன்று என்று எப்படிச் சொல்வீர்கள்? ஜோனுக்கு வந்தது குறைந்த பங்கு.

திருமலையான்:
அக்கா, வெந்தால் குறைந்த பங்கு, வேகாவிட்டால் நிறைந்த பங்கு என்றால் உங்கள் கருத்தை எந்தக் காட்சியாலும் பொய்யாக்க முடியாது. லேனா வெலேரியனை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் ரேனிஸ் டார்கேரியன். வேகர் என்ற மிகப் பெரிய டிராகன் லேனாவுடையது. அந்த முன்கதைத் தொடரின் 2022இல் வந்த ஆறாம் அங்கத்தில் பிரசவம் சிக்கலாகி, தன்னை எரிக்கும்படி தானே வேகரைக் கெஞ்சி, அந்த நெருப்பில் இறக்கிறாள். நெருப்புத் தன்னைக் கொல்லும் என்று அவளுக்கு ஐயமில்லை, டிராகனுக்குத்தான் தயக்கம். தன் குடும்பத்தின் உடம்பைப் பற்றி அந்தப் பெண்ணுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடும்? எட்டாம் பருவத்தின் மூன்றாம் அங்கத்தில் ஜோனும் விசேரியன் என்ற டிராகனின் நெருப்புக்குக் கற்குவியலின் பின்னால் பதுங்குகிறார். அப்போது தன் பிறப்பை அறிந்தவர் அவர். டெனேரிஸ் ஒருவர்தான் விலக்கு. விலக்கை எடுத்து விதியாக்கியவர் உப்புவெளிக் காகம், அதை அவர் திருத்தும்வரை நான் எழுதிக்கொண்டே இருப்பேன்.

உப்புவெளிக் காகம்:
லேனாவும் ஏகனும் வேறு தொடர், எடுத்தவர்களும் வேறு. விசேரியனின் நெருப்பு நீல நிறம், இறந்த டிராகனுடையது. அதையும் சேர்க்க முடியாது. நான் திருத்துவதற்கு எதுவும் இல்லை. ஜோன் எறிந்த விளக்கில் சுடர் இருந்தது, அந்தச் சுடர்தான் கையைச் சுட்டது.

திருமலையான்:
விளக்கின் உடல் உலோகம்.

உப்புவெளிக் காகம்:
உள்ளே எரிந்தது நெருப்பு.