ஏரியைக் காக்கப் பாஸ்பரஸை மட்டும் தடுத்தால் போதுமா?

ஏரிக்கரை:
ஏரியில் பாசி பெருகாதிருக்கக் கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸோடு நைட்ரஜனையும் கட்டாயம் நீக்க வேண்டும் என்று இங்கே கழிமுகம் என்ற பெயரில் எழுதுபவர் சொன்னதை என்னால் ஏற்க இயலவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 226 என்று எண்ணிட்ட சிற்றேரியை 1973-இல் ஏரியியல் அறிஞர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் குறுக்கே திரைகட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றுடன் பாஸ்பரஸும் இட்டார்கள். வானிலிருந்து எடுத்த படத்தில் பாஸ்பரஸ் சேர்ந்த பாதி மட்டும் பச்சையாகத் தெரிகிறது. திரைக்கு அப்பால் நீர் கருமையாகவே இருக்கிறது. நைட்ரஜன் குறைந்தால் நீலப்பச்சைப் பாசிகளில் சில அதைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பாஸ்பரஸுக்கு அப்படியொரு வழி இல்லை.

கழிமுகம்:
அந்தச் சோதனையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏரியோடு நீர் நின்றுவிடுவதில்லையே! மிசிசிப்பி ஆறு சுமந்துவரும் நைட்ரேட் என்னும் நைட்ரஜன் சேர்மமே மெக்சிகோ வளைகுடாவில் ஆண்டுதோறும் ஆக்சிஜன் வற்றிய பகுதி உருவாக முதன்மைக் காரணம். 2017-இல் அதன் பரப்பு ஏறத்தாழ 22,700 சதுர கிலோமீட்டர். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2014-இல் வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் பெருகிய பாசியின் நஞ்சால் டொலீடோ நகரத்தில் 4 லட்சம் பேர் குழாய் நீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். அந்த நஞ்சை உண்டாக்கிய மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து நைட்ரஜனை எடுக்க வல்லதன்று. நஞ்சின் பரவலான வகையொன்றின் ஒரு மூலக்கூறில் மட்டும் 10 நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. நாம் கொடுக்கும் நைட்ரஜன்தான் அதற்குத் தீனி.

ஏரிக்கரை:
கடலைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஏரிக்கு அது பொருந்தாது. அதே ஒன்டாரியோவில் 227-ஆம் ஏரியில் 1990 முதல் நைட்ரஜன் இடுவதை அடியோடு நிறுத்திவிட்டுப் பாஸ்பரஸை மட்டும் தொடர்ந்தார்கள்; ஏரி பச்சையாகவே நீடித்தது. மாறாக, அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் கலந்த கழிவுநீரை 1968-க்குள் வேறு வழியில் திருப்பியதும் பாஸ்பரஸ் சரிந்து, சில ஆண்டுகளிலேயே நீர் தெளிந்தது.

வண்டல்:
குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள வேண்டும். வாஷிங்டன் ஏரி 60 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ளது. ஆழமற்ற ஏரிகள் அவ்வளவு விரைவில் மீள்வதில்லை. அத்தகைய ஏரியின் அடிச்சேற்றில் ஒரு குழாயைச் செருகி எடுத்துப் பாருங்கள்: மேலே மெல்லிய பழுப்புப் படலம், அதன் கீழே அழுகிய முட்டை நாற்றத்துடன் கரிய சேறு. அந்தப் பழுப்பில் உள்ள இரும்புதான் பாஸ்பரஸைப் பாஸ்பேட் என்னும் சேர்மமாகப் பிடித்து வைத்திருக்கிறது. கோடையில் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு கரைந்து பிடியை விட, பல ஆண்டுகளாகச் சேர்ந்த பாஸ்பரஸ் மீண்டும் நீருக்குள் ஏறுகிறது. வெளியிலிருந்து பாஸ்பரஸ் வருவதை முற்றிலும் அடைத்த பிறகும் இது நடக்கும். அந்த இடைக்காலத்தில் நைட்ரஜனைக் குறைப்பது வீண் செலவு என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஏரிக்கரை:
வீண் என்று சொல்லமாட்டேன். ஆழமற்ற ஏரிகளில் "மட்டும்" என்ற சொல்லை விலக்கிக்கொள்கிறேன். ஆயினும் இரண்டில் ஒன்றுக்கே பணம் இருக்கும் சுத்திகரிப்பு நிலையம் ஏரிக்குள் நீரை விடுமானால், முதலில் பாஸ்பரஸைத்தான் நீக்க வேண்டும். அது வாயுவாகி நீரைவிட்டுக் காற்றுக்குப் போய்விடுவதில்லை. நைட்ரேட்டையோ, சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன.