நல்லவாட்டைக் காப்பாற்றியது போனா, ஸ்பீக்கரா?

வில்லியனூர் வசந்த்
நம்ம ஊர்ப் பெரியவங்களுக்கு ஒரு விஷயத்தை ஒத்துக்க மனசே வரமாட்டேங்குது. பத்திரிகை, ரேடியோ, டிவி மூணுமே மேலே இருக்கறவன் பேச, கீழே இருக்கறவன் வாயை மூடிக் கேட்ட சமாச்சாரம். கையில போன் வந்த பிறகுதான் சாமானியன் வாயைத் திறந்தான். 2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு, 2017 ஜனவரியில ஜல்லிக்கட்டுக்காக மெரினாவுல கூட்டம் கூடிச்சு. எந்த டிவி கூப்பிட்டுச்சு அவங்களை? அவ்வளவு தூரம் ஏன், நம்ம புதுச்சேரி மீனவ கிராமம் நல்லவாடு. 2004 சுனாமி அன்னிக்கு சிங்கப்பூர்லேர்ந்து வந்த ஒரே ஒரு போன் கால் மொத்த ஊரையும் காப்பாத்துச்சு. 3,600 பேருக்கு மேல. இதுல விவாதிக்க என்ன இருக்கு?

முத்தியால்பேட்டை ரேடியோக்காரன்
விவாதிக்க என்ன இருக்கா? ஸ்பீக்கர் இருக்கு தம்பி.

சிங்கப்பூர்ல வேலை செஞ்ச நல்லவாட்டுப் பையனுக்கு சேதி எப்படித் தெரிஞ்சுது? டிவி பார்த்து, ரேடியோ கேட்டு. நீ இப்போதான் வாய்க்கரிசி போட்ட ரெண்டு பேரு. யாருக்கு போன் பண்ணான்? தன் வீட்டுக்கு. கூடப் பிறந்த பொண்ணு எடுத்து, வீட்டுக்குள்ள கடல் தண்ணி வருதுன்னு சொல்லுச்சு. ஓடுங்க, எல்லாருக்கும் சொல்லுங்கன்னான். போனோட வேலை அதோட முடிஞ்சுது. ஒரு வீடு. மிச்ச ஜனத்துக்குச் சொன்னது யாரு? ஊர் ஜனத்துக்குத் தகவல் சொல்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஃபவுண்டேஷன் வெச்ச அறிவு மையத்துக் குழாய் ஸ்பீக்கர். திரும்பத் திரும்பச் சொன்னாங்க, ஜனம் ஓடுச்சு. ஊரைக் காப்பாத்தினது ஸ்பீக்கர். போன் காப்பாத்தினது ஒரு குடும்பத்தை.

வில்லியனூர் வசந்த்
ஸ்பீக்கர் தானாப் பேசுச்சா சார்? கால் வரலைன்னா அதுல என்ன போட்டிருப்பாங்க, சினிமாப் பாட்டா?

முத்தியால்பேட்டை ரேடியோக்காரன்
சினிமாப் பாட்டுன்னா அவ்வளவு இளக்காரம். சரி, கேட்டுக்கோ.

1952-ல கேஸ்கர்னு ஒரு மந்திரி வந்தாரு, தகவல் ஒலிபரப்புத் துறைக்கு. சினிமாப் பாட்டு கேட்டா ஜனம் கெட்டுப்போகும், சாஸ்திரிய சங்கீதம் கேளுங்கன்னு ஆல் இந்தியா ரேடியோவுல பாட்டை ஒடுக்கிட்டாரு. ஜனம் என்ன செஞ்சுது? மனு கொடுத்துச்சா? முள்ளைத் திருப்புச்சு. சிலோன் ரேடியோவுக்குப் போயிடுச்சு. அந்த டிரான்ஸ்மிட்டர் யார் வெச்சது தெரியுமா? ரெண்டாம் உலகப் போர்ல மவுண்ட்பேட்டன் படைக்காக வெள்ளைக்காரன் கொழும்புல நட்டது. 1949-ல இலங்கை அரசு கைக்கு வந்துச்சு. சண்டைக்கு வெச்ச டிரான்ஸ்மிட்டர்ல நம்ம ஜனம் கடல் தாண்டிப் பாட்டு கேட்டுச்சு. கடைசியில டெல்லி இறங்கி வந்து 1957 அக்டோபர்ல சினிமாப் பாட்டு போடற விவித் பாரதியை ஆரம்பிச்சுது. ஒரு மந்திரியோட பிடிவாதத்தை நேயர்கள் ஒரு திருகாணியால முறிச்சாங்க. வாயை மூடிக் கேட்ட சமாச்சாரமாம்!

எங்க தெருவுல சாயங்காலம் சிலோன் தமிழ் அறிவிப்பாளர் குரல் ஒரு வீட்ல விட்ட இடத்தை அடுத்த வீட்ல பிடிச்சுக்கிட்டே நடக்கலாம். எங்க அப்பா கடையில வால்வு செட் ரிப்பேருக்கு வந்தா முதல்ல டெஸ்ட் பண்றதே சிலோன் வெச்சுதான்.

நல்லவாட்டுக்கு வா. ஸ்பீக்கர்.

ஓடி கேபிள்
ரேடியோ அண்ணே, சிலோன் கதையை எத்தனை தடவைதான் ஓட்டுவீங்க. நிஜமான அதிகாரம்னா என்னன்னு என்னைக் கேளுங்க. 93-ல தமிழ்ப் புத்தாண்டு அன்னிக்கு சன் டிவி வந்துச்சு. கடலூர் ஓடி (ஓல்ட் டவுன்) முழுக்க ஒயர் இழுத்தது நாங்க. எந்த சேனல் எந்த நம்பர்ல வரணும்னு நான் முடிவு பண்ணேன். ஒரு சேனலை ஆறுல போடறதும் அறுபத்தாறுல போடறதும் ஒண்ணா? அறுபத்தாறுல போட்டா செத்தான். ரெண்டு கட்சிக்காரனும் எனக்கு வணக்கம் வெச்சான். எல்லாம் 2011 வரைக்கும். மாசம் 70 ரூபாய்னு அரசு கேபிள் வந்துச்சு, அப்புறம் பாக்ஸ் வந்துச்சு, அப்புறம் இந்தத் தம்பியோட போன் வந்து மொத்தமா முடிச்சுது. அதிகாரம் கீழே இறங்கலை தம்பி, என் கையிலேர்ந்து பிடுங்கி எவனோ பெரியவன் கையில கொடுத்திருக்காங்க. இப்போ எந்த வீடியோ மேலே வரணும்னு முடிவு பண்றவனுக்கு நீ வணக்கம் வைக்கக்கூட முடியாது, அவன் எங்க இருக்கான்னே உனக்குத் தெரியாது.

முத்தியால்பேட்டை ரேடியோக்காரன்
கேபிள்காரர் அதிகாரத்தைப் பத்திப் பேசறாரு. என் சித்தி வீட்டுக்கு உங்க ஊர்லதான் ஒருத்தர் கனெக்ஷன் கொடுத்தாரு. ஞாயித்துக்கிழமை படம் கிளைமாக்ஸ்ல கட் ஆகும், மறுநாள் காலையில வசூலுக்கு மட்டும் கரெக்டா வருவாரு.

ஓடி கேபிள்
கரண்ட் போனா பூஸ்டர் போகும், அதுக்கு நான் என்ன செய்ய. பேட்டரி மாட்டிக் கொடுக்கச் சொன்னா உங்க சித்தி காசு கொடுப்பாங்களா?

மஞ்சக்குப்பம் வாத்தியார்
நண்பர்களே, கருவியை விட்டுவிட்டுக் கருவி யாரிடம் இருந்தது என்று பாருங்கள். 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது பிரெஞ்சுக்காரர்களின் அச்சு இயந்திரத்தையும் அவர்கள் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். வேப்பேரியில் இருந்த ஃபாப்ரிஷியஸ் பாதிரியாரிடம் அதைக் கொடுத்தார்கள், கம்பெனி அரசின் வேலைகளையும் அச்சிட்டுத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. கோட்டையை இடித்தவர்கள் அச்சகத்தை இடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அடுத்து பாரதி. 1908-ல் அவர் புதுச்சேரிக்கு வந்த பிறகு ‘இந்தியா’ இதழ் இங்கிருந்து வெளிவந்தது. பிரெஞ்சு மண்ணில் அச்சிடுவதை ஆங்கிலேயரால் தடுக்க முடியவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தபாலில் போகவிடாமல் செய்தார்கள். 1910 மார்ச்சில் இதழ் நின்றது. எழுதுகிற கை, அச்சு, காகிதம் எல்லாம் இருந்தும் வாசகனிடம் போகும் வழி அடைபட்டது. இன்றைக்கும் அதேதான் நடக்கிறது.

முத்தியால்பேட்டை ரேடியோக்காரன்
வாத்தியாரய்யா, நீங்க எனக்குத்தான் சாட்சி சொல்றீங்க. கடைசி மைல்! தபால்காரன் கையிலதான் பத்திரிகையோட உசுரு. நல்லவாட்ல அந்தக் கடைசி மைல் ஸ்பீக்கர். நன்றி.

மஞ்சக்குப்பம் வாத்தியார்
நான் அப்படிச் சொல்லவில்லை.

வில்லியனூர் வசந்த்
இப்போ நான் ஒண்ணு சொல்றேன், ரேடியோ சார் பதில் சொல்லட்டும். வீராம்பட்டினம், இன்னொரு புதுச்சேரி மீனவ ஊர். 98-ல ஆரம்பிச்ச அதே கிராம அறிவு மையத் திட்டம்தான். அமெரிக்கக் கடற்படையோட வெப்சைட்லேர்ந்து வங்கக்கடல்ல அலை எவ்வளவு உயரம் வரும்னு இறக்கி, தமிழ்ல மாத்தி, மீனவங்களுக்குச் சொன்னாங்க. யோசிச்சுப் பாருங்க. அமெரிக்காக்காரன் தன் போர்க்கப்பலுக்காக எடுத்த கணக்கை வெச்சு நம்ம ஆளு கட்டுமரம் தள்ளலாமா வேணாமான்னு முடிவு பண்றான். எந்த ரேடியோ இதைச் செஞ்சுது? இன்டர்நெட் செஞ்சுது.

முத்தியால்பேட்டை ரேடியோக்காரன்
நல்லாச் சொன்ன. அதைக் கரையில எதுல படிச்சாங்க?

வில்லியனூர் வசந்த்
அது விஷயமில்லை.

முத்தியால்பேட்டை ரேடியோக்காரன்
எதுல படிச்சாங்க?

வில்லியனூர் வசந்த்
ஸ்பீக்கர்லதான். ஆனா அது வெறும் கடைசி

முத்தியால்பேட்டை ரேடியோக்காரன்
போதும்.

பாகூர் பொண்ணு
ரெண்டு பேரும் ஆம்பளைங்க சண்டை போடற மாதிரியே போடறீங்க. ஸ்பீக்கர் ஸ்பீக்கர்னு குதிக்கிற அங்கிள், அந்த ஸ்பீக்கர் இருந்த மையம் அன்னிக்குப் பூட்டிக் கிடந்துச்சு. ஞாயித்துக்கிழமை. கதவை உடைச்சுதான் மைக்கை எடுத்தாங்கன்னு அப்போ வந்த செய்தியிலேயே இருக்கு. உங்க தெய்வத்தைப் பூட்டி வெச்சிருந்தாங்க. அதைப் பேசுங்க முதல்ல. ஊர்ல மைக் யார் கையில இருக்கும்? பஞ்சாயத்துப் பெரியவங்க கையில. கூடையைத் தூக்கிட்டு மீன் விக்கப் போற எங்க பெரியம்மா கையில என்னிக்காவது கொடுத்திருக்கீங்களா? புதுச்சேரி கிராமம் எம்பலத்துல அந்த மையம் கோயில் கட்டடத்துல நடந்துச்சு, பொம்பளைங்கதான் பார்த்துக்கிட்டாங்க. நியூயார்க் டைம்ஸ் 2000-லயே அதைப் பத்தி எழுதிடுச்சு. உங்க யாருக்கும் அது ஞாபகமே வரலை, மவுண்ட்பேட்டன் ஞாபகம் வருது.

முத்தியால்பேட்டை ரேடியோக்காரன்
பாப்பா, பூட்டை உடைக்கலாம். அதைத்தான் நானும் சொல்றேன். ஒரு கல்லு போதும். 2011 டிசம்பர் 30 காலையில ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல ஏறுச்சு. டவர் சாஞ்சுது, கரண்ட் போச்சு. உங்க போன் கையில செங்கல்லு. எதை உடைச்சுப் பேசுவ? அந்தச் சமயத்துல ஒரு கார் பேட்டரி, ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு குழாய் இருந்தா நான் ஊருக்கே பேசிடுவேன். உப்புக்காத்துல யூனிட்டுக்குள்ள டயஃப்ரம் அரிச்சுப்போகும், கரகரன்னு சத்தம் வரும், கழட்டி மாத்தினா தீர்ந்துது. மாத்தத் தெரிஞ்சவன் ஊருக்கு ஒருத்தன் இருப்பான். போன் டவர் கெட்டா மாத்தத் தெரிஞ்சவன் எங்க இருக்கான்? குர்கான்லயா?

வில்லியனூர் வசந்த்
ஃபெஞ்சல் புயலுக்கு என்ன சொல்றீங்க? 2024 நவம்பர் கடைசி. புதுச்சேரியில ஒரே நாள்ல அரை மீட்டர் கிட்ட மழை. மொட்டை மாடியில நிக்கறவங்க லொகேஷன் அனுப்பினாங்க, படகு போச்சு. ஸ்பீக்கர்ல லொகேஷன் அனுப்புவீங்களா?

ஓடி கேபிள்
லொகேஷனைப் பார்த்தோம், வாய்ஸ் நோட்டையும் பார்த்தோம். எங்க தெரு குரூப்புல ‘சாத்தனூர் அணை உடைஞ்சிடுச்சு, இன்னும் ரெண்டு மணி நேரத்துல கடலூர் இருக்காது’ன்னு ஒரு பொம்பளைக் குரல், அழுதுகிட்டே. மேலே ரெண்டு அம்புக்குறி, பல கை மாறி வந்ததுன்னு. எங்க பக்கத்து வீட்டு ஐயா பிரஷர் மாத்திரையை மறந்துட்டு மாடிப்படி ஏறிட்டாரு. அணை உடையலை. ஆனா டிசம்பர் 2 விடியக்காலம் நிஜமாவே 1.68 லட்சம் கன அடி திறந்தாங்க, தென்பெண்ணை ஊருக்குள்ள வந்துச்சு. பொய் முன்னாடி வந்துச்சு, தண்ணி பின்னாடி வந்துச்சு. நடுவுல வந்த நிஜ எச்சரிக்கையை ஒருத்தனும் நம்பலை. என் உள்ளூர் சேனல் இருந்திருந்தா கீழே எழுத்து ஓட விட்டிருப்பேன்.

முத்தியால்பேட்டை ரேடியோக்காரன்
உன் உள்ளூர் சேனல்ல ரிலீஸான மூணாம் நாள் திருட்டு விசிடிதானே ஓடுச்சு.

ஓடி கேபிள்
பார்த்தது யாரு?

பாகூர் பொண்ணு
வசந்த் அண்ணா, உங்க ‘சாமானியன் பேச ஆரம்பிச்சான்’ கதையும் அரைகுறைதான். 2018-ல வாட்ஸப்காரன் இந்தியாவுக்கு மட்டும் ஒரு தடவைக்கு அஞ்சு பேருக்குத்தான் ஃபார்வர்டுன்னான். வதந்தியால கொலை நடந்துச்சு, சரி. ஆனா நம்ம வாய்க்கு அளவு போட்டது கலிஃபோர்னியா. 2020 ஜூன் 29 ராத்திரி டிக்டாக் போச்சு. வயல்ல நாத்து நட்டுட்டே ஆடிப் பாடி லட்சம் பேரைச் சேர்த்தவங்க விடிஞ்சா யாருமில்லை. அந்த இடத்துக்கு ரீல்ஸ் வந்துச்சு, அங்க வேற கூட்டம் உட்கார்ந்துச்சு. நிலம் நம்மளது இல்லை, குத்தகைதான்.

ஆனா ஒண்ணு, இந்த அங்கிள்கள் ‘கலாச்சாரம் கெட்டுப்போச்சு, கொரியா கொரியான்னு அலையுதுங்க’ன்னு அடுத்து வருவாங்க, அதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். எங்க ஆயா புதுயுகம் டிவியில தமிழ் டப்பிங்ல கொரியா சீரியல் பார்த்துட்டு ‘அந்தப் புள்ளை மாமியார்க்காரி சரியில்லை’ன்னு அழுதவங்க. போன் இல்லை, நெட் இல்லை. நீங்க ஜுனூன்கிற இந்தி சீரியலோட டப்பிங் தமிழைப் பேசிச் சிரிச்ச தலைமுறைதானே? அது மட்டும் மாயவரத்துலயா எடுத்தாங்க?

முத்தியால்பேட்டை ரேடியோக்காரன்
நான் கொரியாவைப் பத்திப் பேசவே இல்லையே.

பாகூர் பொண்ணு
பேசுவீங்க.

சொல்தா வீட்டுப் பேரன்
பிரான்ஸ்லேர்ந்து படிக்கிறேன். ஓடி கேபிள் அண்ணன் நல்லவாட்டைத் தன் ஊர் மாதிரியே பேசறாரு. நல்லவாடு புதுச்சேரி. ஞாபகம் இருக்கட்டும்.

ஓடி கேபிள்
நான் எப்போய்யா என் ஊர்னேன்? நீ மொதல்ல ஊர்ல இரு, அப்புறம் எல்லை பிரி.

சொல்தா வீட்டுப் பேரன்
இங்க இருந்தாலும் தினம் மூணு மணி நேரம் நம்ம ஊர் யூடியூப்தான். அங்க இருக்கறவனை விட எனக்கு முத்தியால்பேட்டை மார்க்கெட் நிலவரம் நல்லாத் தெரியும்.

முத்தியால்பேட்டை ரேடியோக்காரன்
அப்படியா மிசே? நேத்து சங்கரா கிலோ என்ன விலை?

வில்லியனூர் வசந்த்
டாபிக்குக்கு வரலாமா? சங்கிலியில முதல் கண்ணி இல்லைன்னா மிச்சம் எதுவுமே இல்லை. முதல் கண்ணி போன். எளிய லாஜிக்.

முத்தியால்பேட்டை ரேடியோக்காரன்
முதல் கண்ணி டிவி. அதுக்கும் முதல் கண்ணி சுமத்ராவுல நிலநடுக்கம். அப்போ நிலநடுக்கம்தான் ஊரைக் காப்பாத்துச்சா? லாஜிக்காம். அந்தக் காலைல இந்தக் கரை முழுக்கப் போன் இருந்துச்சு. தேவனாம்பட்டினத்துல இல்லையா? நாகப்பட்டினத்துல இல்லையா? சென்னையில இல்லையா? எல்லா இடத்துலயும் போன் இருந்துச்சு. ஜனம் செத்துச்சு. நல்லவாட்ல குழாய் இருந்துச்சு.

வில்லியனூர் வசந்த்
குழாயும் நிறைய ஊர்ல இருந்துச்சு சார். திருவிழாவுக்குக் கட்டற குழாய். சேதி வரலை, அதான் பேசலை!

முத்தியால்பேட்டை ரேடியோக்காரன்
திருவிழாக் குழாய் வேற, அறிவிப்புக் குழாய் வேற. தினம் அலை உயரம் சொன்ன அதே குரல் ‘ஓடு’ன்னா ஜனம் ஓடும். என்னிக்கும் பேசாத குழாய் பேசினா ‘எவனோ குடிச்சிருக்கான்’னு படுத்துக்கும். நம்பிக்கை வருசக் கணக்கா சேர்ந்தது. ஒரு ரீசார்ஜ்ல வராது. இது புரியறதுக்கு நீ ஒரு நாளாவது மைக் செட் கட்டியிருக்கணும்.

மஞ்சக்குப்பம் வாத்தியார்
இந்த ஒரு கருத்தில் மட்டும் ரேடியோக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் வேப்பேரி அச்சகம் பற்றி நான் எழுப்பிய

முத்தியால்பேட்டை ரேடியோக்காரன்
‘மட்டும்’ எதுக்குங்கய்யா?

பாகூர் பொண்ணு
பூட்டு. சாவி யார்கிட்ட இருந்துச்சு? இன்னும் யாரும் சொல்லலை.

ஓடி கேபிள்
ரேடியோ அண்ணே, அதெல்லாம் இருக்கட்டும். உங்க சித்தி வீட்டுக் கனெக்ஷன்னு சொன்னீங்களே, ஓடியில எந்தத் தெரு? ஒரு முத்தியால்பேட்டைக்காரங்க வீட்ல மூணு மாச பாக்கியும் ஒரு பாக்ஸும் இன்னும் எனக்கு வரணும்.

முத்தியால்பேட்டை ரேடியோக்காரன்
பாக்ஸ் உங்ககிட்டயே வேலை செய்யலைன்னுதானே திருப்பிக் கொடுத்தோம்? ரசீது இருக்கு. நாளைக்குப் படம் எடுத்துப் போடறேன்.

ஓடி கேபிள்
போடுங்க. தேதியும் தெரியற மாதிரி போடுங்க.