பேப்பரில் வந்த முகம்

பாளை குமாஸ்தா:

கைது நடந்த மறுநாள் பேப்பரில் என்ன படம் வரும் என்று நம்ம திருநெல்வேலிப் பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மேஜை மேல் அரிவாள், செல்போன், மீட்ட நகை. பின்னால் தனிப்படை வரிசையாக நிற்கும். முன்னால் பிடிபட்டவன், பல நேரம் கையில் மாவுக்கட்டோடு. கழிவறையில் வழுக்கி விழுந்தான் என்று ஒரு வரி இருக்கும். அதற்கும் கீழே ‘போலீசாரிடம் பரபரப்பு வாக்குமூலம்’. வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பதால், அந்தப் படத்துக்கு அப்புறம் நடப்பதைப் பார்க்கிறவன் நான். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த வாக்குமூலம். போலீசிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு சொன்னதை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று நிரூபிக்க முடியாது. 1872-ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவு அது, 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு. அவன் சொன்னபடி போய் ஒரு பொருளை எடுத்தால், அந்தப் பொருள் மட்டுக்கும் செல்லும், அவ்வளவுதான். அடித்து வாங்கியிருக்கலாம் என்பதால் வெள்ளைக்காரன் காலத்திலேயே வைத்த விதி. நீதிபதி கணக்கில் எடுக்கக்கூடாது என்று சட்டம் ஒதுக்கி வைத்ததை, ஊர் முழுக்க டீக்கடையில் உட்கார்ந்து படித்துத் தீர்ப்பும் சொல்லி முடித்துவிடுகிறது. நீதிபதி வீட்டிலும் காலையில் அதே பேப்பர்தான் விழுகிறது.

இனி நான் பார்த்த வழக்கு. அம்பை (அம்பாசமுத்திரம்) ரோட்டில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். வயதான அம்மா ஒருவர், கோயிலுக்குப் போய்விட்டு அந்தி நேரத்தில் நடந்து வரும்போது பைக்கில் வந்த இரண்டு பேர் தாலிச் செயினை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முன்பின் தெரியாத ஆட்கள். இந்த மாதிரி வழக்குக்கு அடையாள அணிவகுப்புதான் உயிர். ஜெயிலுக்குள் மாஜிஸ்திரேட் முன்னிலையில், ஏறக்குறைய அதே வயது, அதே உடல்வாகு உள்ளவர்களோடு சந்தேகப்பட்ட ஆளையும் வரிசையில் நிறுத்துவார்கள், சாட்சி வந்து காட்ட வேண்டும். ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு வாங்கக் கோர்ட்டுக்குக் கொண்டுவரும்போது முகத்தைத் துணியால் மூடுகிறார்களே, அது இதற்காகத்தான். இந்த வழக்கில் பிடிபட்ட பையனையும் மூடித்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் அன்று காலைப் பேப்பரிலேயே ஸ்டேஷனில் எடுத்த படம் வந்துவிட்டது, மூடாத முகத்தோடு, பளிச்சென்று.

அணிவகுப்பில் அந்த அம்மா தடுமாறாமல் அவனைக் காட்டினார். வழக்கு விசாரணைக்கு வந்தபோது எங்கள் சீனியர், “இவர அணிவகுப்புக்கு முன்னாடி எங்கயாச்சும் பாத்தீங்களாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார். கூண்டில் நின்ற அம்மா பொய் சொல்லத் தெரியாதவர். “பேப்பர்ல போட்டிருந்தாவல்லா, எம் பேரந்தான் கொண்டாந்து காட்டுனான். இவந்தாம்னு அப்பவே சொல்லிட்டேன்” என்றார். அரசு வக்கீலுக்கு அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. அணிவகுப்பில் காட்டியது சாட்சியாக எடுபடவில்லை. மீட்டதாகக் காட்டிய நகையும் உருக்கின கட்டியாக இருந்தது, அது என் செயின்தான் என்று அந்த அம்மாவால் எப்படிச் சொல்ல முடியும்? பையன் விடுதலை.

அவன் எடுத்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது, எங்கள் சீனியருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை அந்தப் படம் அடைத்துவிட்டது. எடுக்கவில்லை என்றால், வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் மறுபடி சேர்க்காமல், தங்கைக்கு வந்த சம்பந்தம் தட்டிப்போய், ஊரைவிட்டுத் திருப்பூர் போனது அத்தனையும் செய்யாத குற்றத்துக்கு. எடுத்தான் என்றால், அந்த அம்மாவுக்குச் செயினும் போச்சு, நியாயமும் போச்சு. நியாயமான விசாரணை என்றாலே குற்றவாளிக்குக் காட்டுகிற சலுகை மாதிரி பேசுகிறார்கள், கேட்கவே வயிறு எரிகிறது. பறிகொடுத்தவருக்கும் சேர்த்துத்தான் அது. விடுதலையான சேதி எந்தப் பேப்பரிலும் ஒரு வரி வரவில்லை.

தாலுகா நிருபர்:

அண்ணாச்சி சொன்னதை நான் மறுக்கவில்லை, ஆனால் படம் எங்கிருந்து வருகிறது என்பதையும் எழுத வேண்டும். நாங்கள் ஸ்டேஷனுக்குள் புகுந்து எடுப்பதில்லை. பிரஸ் நோட்டும் படமும் வாட்ஸ்அப் குரூப்பில் அங்கிருந்தே வந்து விழும், முகம் மறைக்காமல். கொஞ்சம் யோசித்து நிறுத்தி வைத்தால் ராத்திரி ஆபீசிலிருந்து போன் வரும், “அவன் போட்டிருக்கான்லா, நமக்கு ஏன் வரல?” பகுதிநேர நிருபருக்கு மாதச் சம்பளம் கிடையாது, அச்சில் வந்த செய்திக்குத்தான் காசு. வாய்தா வாய்தாவாகக் கோர்ட்டில் போய் உட்கார்ந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. போலீஸ் பத்திரிகைக்கு என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று வழிகாட்டு நெறி தயாரிக்கச் சொல்லி 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உள்துறை அமைச்சகத்துக்கு மூன்று மாதம் கெடு கொடுத்தது. கோளாறு எங்கே தொடங்குகிறது என்று கோர்ட்டுக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

அப்புறம், எழுதவே கூடாது என்று தடை வந்தால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டு போன அப்பாவும் மகனும் காவலில் இருக்கும்போதே செத்துப்போனார்கள். தரையில் உருண்டு புரண்டதில் காயம் ஏற்பட்டது என்றுதான் போலீஸ் எஃப்ஐஆரில் இருந்தது. பிரஸ் நோட்டை மட்டும் நம்பியிருந்தால் அதுதான் செய்தி, அதோடு முடிந்திருக்கும். ஊர்க்காரர்கள் கடையடைத்தார்கள், பேப்பரும் டிவியும் விடவில்லை, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து கையில் எடுத்தது, பிறகு சிபிஐக்குப் போனது. 2023 மார்ச்சில் அம்பையில், விசாரணைக்குக் கூட்டிப் போனவர்களின் பல்லைப் போலீஸ் அதிகாரி ஒருவர் பிடுங்கியதாகப் புகார் வந்ததே, அவர்கள் வாயைத் திறந்து கேமராவில் காட்டிய பிறகுதான் சப்-கலெக்டர் விசாரணை, சஸ்பெண்ட், சிபிசிஐடி எல்லாம். குற்றப்பத்திரிகை வரும்வரை மூச்சு விடாதே என்று ஒரு சட்டம் இருந்திருந்தால் அந்தப் பையன்கள் யாரிடம் போய் வாயைக் காட்டியிருப்பார்கள்?

வள்ளியூர் டீச்சர்:

எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி போக்சோ வழக்கில், அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்றச் சட்டத்தில், புகார் கொடுத்தாள். பேப்பரில் அவள் பெயரைப் போடவில்லை, நியாயமாக நடந்துகொண்டோம் என்றுகூட நினைத்திருப்பார்கள். ஆனால் ஊர்ப் பெயர் இருந்தது, எத்தனாவது படிக்கிறாள் என்று இருந்தது, அப்பா என்ன தொழில் என்று இருந்தது. அந்த ஊரில் இருப்பதே ஒரு பள்ளிக்கூடம், அந்தத் தொழில் செய்கிறவர் ஒருத்தர்தான். மறுநாள் சத்துணவு வரிசையில் நிற்கும்போது மற்ற பிள்ளைகள் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், அவள் தட்டைக் கழுவாமலே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். போக்சோ 23-ஆம் பிரிவில் பெயர், படம் மட்டுமில்லை, முகவரி, குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எதுவுமே அடையாளம் காட்டுகிற மாதிரி வரக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. அதை எழுதினவர் ஒரு தரம் படித்திருந்தால் போதும், அந்தப் பிள்ளை பாட்டி வீட்டுக்குப் போய் வேறு பள்ளியில் சேர வேண்டியிருக்காது.

பாளை குமாஸ்தா:

டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டச்சு செய்யவில்லை.

நிருபர் தம்பிக்கு: தடை வேண்டும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஆட்டோ சங்கர் தன்வரலாறு வழக்கில்தான், அதிகாரிகள் முன்கூட்டியே பத்திரிகையின் வாயை அடைக்க முடியாது என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அப்படியே இருக்கட்டும். விசாரணை கெட்டுப்போகும் ஆபத்து நிஜமாகவே இருந்தால், செய்தியைக் கொஞ்ச காலம் தள்ளிவைக்க மட்டும் கோர்ட் உத்தரவிடலாம் என்று 2012-இல் சகாரா நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, அதுவும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஓட்டை இருப்பது வேறு இடத்தில். 1971-ஆம் வருட நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் செய்தியால் கெடாமல் காப்பது நிலுவையில் உள்ள வழக்கைத்தான், கிரிமினல் வழக்கு நிலுவைக்கு வருவதோ பெரும்பாலும் போலீஸ் கோர்ட்டில் போடும் குற்றப்பத்திரிகையிலிருந்துதான். கைதுக்கும் குற்றப்பத்திரிகைக்கும் நடுவில் உள்ள அந்த அறுபது, தொண்ணூறு நாளில்தான் எல்லாப் படமும் எல்லா வாக்குமூலமும் வருகிறது. கைதிலிருந்தே கணக்கில் எடுங்கள் என்று சட்ட ஆணையம் 2006-இல் 200-ஆவது அறிக்கையில் எழுதிக் கொடுத்தது, சட்டம் இன்னும் மாறவில்லை.

அம்பை விஷயத்திலும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். புகார் வெளியே வந்தது நல்லது, வந்தே ஆக வேண்டும். ஆனால் அந்த அதிகாரியும் கூண்டில் ஏறினால் குற்றம் சாட்டப்பட்டவர்தான், தீர்ப்பு வரும்வரை அவருக்கும் அதே உரிமை உண்டு. மாவுக்கட்டுப் பையனுக்குக் கேட்டு, காக்கிச் சட்டைக்குக் கேட்கவில்லை என்றால் நான் பேசுவதில் அர்த்தமில்லை.

தம்பி, உங்களால் முடிந்தது ஒன்று இருக்கிறது. படத்தில் முகத்தை மறைத்துப் போடுங்கள், ஆபீசில் கேட்டால் அணிவகுப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள், பத்திரிகை ஆசிரியர்கள் புரிந்துகொள்வார்கள். வாய்தாவுக்கு வந்து உட்கார வேண்டாம். கைதுச் செய்தி போடும்போதே எஃப்ஐஆர் எண்ணைக் குறித்து வையுங்கள், வழக்கு கோப்புக்கு வந்ததும் வழக்கை அடையாளம் காட்டும் பதினாறு இலக்கச் சிஎன்ஆர் எண் விழும், ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் அதைப் போட்டால் அடுத்த தேதியும் தீர்ப்பும் செல்போனிலேயே தெரியும். எண் கிடைக்காவிட்டால் எனக்கு அனுப்புங்கள், நான் தேடித் தருகிறேன்.