தை மாத மலர்க்காட்சி: தொட்டிச் செடிகளைப் போட்டிக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி?

மாடித்தோட்டம் (பாளையங்கோட்டை):

அனைவருக்கும் வணக்கம். தை மாத இறுதியில் எங்கள் பகுதியில் நடக்கவிருக்கும் மலர்க்காட்சியின் தொட்டிச் செடிப் பிரிவுகளில் முதன்முறையாகக் கலந்துகொள்ள விரும்புகிறேன். ஐப்பசி இப்போதுதான் பிறந்திருப்பதால் ஏறத்தாழ நான்கு மாத அவகாசம் இருக்கிறது. என் மாடியில் செவ்வந்தி, அடீனியம் (பாலைவன ரோஜா), குரோட்டன்ஸ், பெரணி (ஃபெர்ன்) ஆகியவை உள்ளன. இவற்றில் குரோட்டன்ஸும் பெரணியும் நிழல்வலைக்குக் கீழே நிற்கின்றன. தொட்டியின் விட்டம் 8 அங்குலத்துக்கு மிகக் கூடாது, ஒரு தொட்டியில் ஒரு செடியே இருக்க வேண்டும், செடி குறைந்தது இரண்டு மாதமாவது போட்டியாளரின் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும் என்று விதிமுறைத் தாள் கூறுகிறது. இவற்றில் எவற்றைக் கொண்டுசெல்வது நல்லது? இப்போதுள்ள பிளாஸ்டிக் தொட்டிகளிலிருந்து மண் தொட்டிகளுக்கு மாற்றலாமா? செவ்வந்தியைக் காட்சி நாளுக்குச் சரியாகப் பூக்க வைக்க வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

செம்மண் (அம்பாசமுத்திரம்):

வணக்கம் அக்கா. செடியைப் பற்றி யோசிக்கும் முன்பு விதிமுறைத் தாளை அமைப்பாளர்களிடம் எடுத்துச் சென்று ஒவ்வொரு வரியாகத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 8 அங்குலம் என்பது தொட்டி வாயின் உள்விட்டமா வெளிவிட்டமா என்பதை முதலில் கேளுங்கள். மண் தொட்டியின் விளிம்பு தடிமனாக இருப்பதால் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் அங்குலத்துக்கு மேல் வேறுபாடு வந்துவிடும். எவ்வளவு அழகான செடியாக இருந்தாலும் பிரிவின் விதிக்குப் பொருந்தாவிட்டால் நடுவர்கள் அதை மதிப்பிடாமலேயே ஒதுக்கிவிடுவார்கள். பக்கக் கன்றுகள் விட்டு அடர்ந்திருக்கும் பெரணியை ஒரு செடியாகக் கொள்வார்களா என்பதையும், ஒரு தொட்டிக்குள் இன்னொரு தொட்டியை வைத்துக் கொண்டுவரலாமா என்பதையும் இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

மண் தொட்டிக்கு மாற்றுவதாக இருந்தால் ஐப்பசிக்குள் மாற்றிவிடுங்கள். வேர் புதிய மண்ணைப் பிடித்து, இலைகள் வாட்டம் நீங்கி, செடி அந்தத் தொட்டியிலேயே வளர்ந்ததுபோல் நிற்பதற்கு இரண்டு மாதமாவது வேண்டும். காட்சிக்கு ஒரு வாரம் முன்பு மாற்றப்பட்ட செடி தண்டைப் பிடித்து அசைத்தாலே ஆடும். அதை எந்த நடுவரும் உடனே கண்டுகொள்வார். குரோட்டன்ஸின் வேர் கலைந்தால் கீழ் இலைகள் உதிர்ந்துவிடும், ஆகவே அதை வேர்க்கட்டி உடையாமல் முழுதாகவே இறக்கி வையுங்கள். நம் பக்கத்தில் காருக்குறிச்சித் தொட்டிகள் கிடைக்கும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை, ஆனால் புதுத் தொட்டியை ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவிட்ட பிறகே பயன்படுத்துங்கள்; இல்லாவிட்டால் அது மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மண் கலவையில் குளத்துக் கரம்பையை (வண்டல் களிமண்ணை) மிகுதியாகச் சேர்த்தால் அடைமழைக்கு இறுகி நீர் தேங்கும். செம்மண், மக்கிய தொழுவுரம், கழுவிய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றோடு சிறிது ஆற்று மணலும் கலந்தால் போதும்.

குற்றாலச்சாரல் (தென்காசி):

இத்தகைய காட்சிகளில் நடுவராக இருந்து பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். மதிப்பெண் பகிர்வு அமைப்புக்கு அமைப்பு மாறும் என்றாலும், செடியின் நலம், எல்லாப் பக்கமும் ஒத்த வடிவம், தொட்டிக்கும் செடிக்கும் உள்ள அளவுப் பொருத்தம், தூய்மை, பெயர்ச்சீட்டு ஆகியவற்றைப் பார்க்காத நடுவர் இல்லை. மாடியின் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் பெறும் செடி அந்தப் பக்கமாகவே சாய்ந்து வளரும் என்பதால், சில நாள்களுக்கு ஒருமுறை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்பி வையுங்கள். இலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது இலைத்துளைகளை அடைத்துத் தூசியையும் ஒட்டவைப்பதோடு, பல காட்சிகளில் விதிமீறலாகவும் கருதப்படும். ஈரப் பஞ்சால் துடைத்தாலே போதும். இலையில் மயிர் உள்ள செடிகளை மட்டும் துடைக்காமல் மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள். பெயர்ச்சீட்டில் குரோட்டன்ஸ் என்று மட்டும் எழுதாமல் கோடியம் வேரிகேட்டம் என்ற தாவரவியல் பெயரையும், தெரிந்தால் ரகத்தின் பெயரையும் எழுதுங்கள்.

செவ்வந்தியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது நீண்ட இரவை உணர்ந்து மொட்டு வைக்கும் செடி. நம் திருநெல்வேலிச் சீமையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாடே இருப்பதால், பெரும்பாலான ரகங்களுக்கு இங்கே எப்போதும் மொட்டு வைக்கும் சூழல் இருந்துகொண்டே இருக்கிறது. எனவே பக்கக் கிளைகள் வருவதற்காகக் கடைசியாக நுனி கிள்ளும் நாளைக் கொண்டுதான் பூக்கும் காலத்தை ஓரளவு நிர்ணயிக்க முடியும். மொட்டு உருவாகத் தொடங்கியதிலிருந்து மலர ரகத்தைப் பொறுத்து 8 முதல் 12 வாரங்கள் வரை ஆகும் என்பதால், கார்த்திகைத் தொடக்கத்தில் கடைசிக் கிள்ளலை முடித்துவிடுங்கள். தொட்டிகள் பலவாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கிள்ளாமல் ஒரு வார இடைவெளியில் கிள்ளினால், அவற்றில் ஒன்றாவது காட்சி நாளில் சரியான பருவத்தில் நிற்கும். தெருவிளக்கின் ஒளி இரவில் மாடியின்மேல் விழுந்தால் மொட்டு வைப்பது தள்ளிப்போகும், எனவே அத்தொட்டிகளை இருட்டான மூலைக்கு மாற்றுங்கள். பெரிய பூ ரகமாக இருந்தால், கிளைக்கு ஒரு நுனி மொட்டை விட்டுவிட்டுப் பக்க மொட்டுகளைப் பட்டாணி அளவு வருவதற்குள் நீக்க வேண்டும். சிறு பூக்கள் கொத்தாகப் பூக்கும் ரகத்தில் அவ்வாறு செய்யக் கூடாது.

மாடித்தோட்டம் (பாளையங்கோட்டை):

அண்ணாச்சி, மிக்க நன்றி. எதிர் வீட்டு ஓரத்தில் இருக்கும் தெருவிளக்கின் ஒளி செவ்வந்தித் தொட்டிகளின்மேல் நேராக விழுகிறது. இன்றே இடம் மாற்றிவிடுகிறேன். அடீனியத்தையும் பெரணியையும் பற்றி ஒரு தெளிவு வேண்டும்: இரண்டையும் கொண்டுசெல்லலாமா, அல்லது ஒன்றில் மட்டும் கவனம் செலுத்துவது நல்லதா?

வெயிலோடு விவசாயம் (வள்ளியூர்):

அடீனியத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். நம் வெயிலை விரும்பி ஏற்கும் செடி அது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்துகொண்டே இருந்தால் பருத்த அடித்தண்டு அழுகிவிடும் என்பதால், இப்போதே கூரைக்கு அடியில், வெளிச்சம் குறையாத இடத்துக்கு மாற்றுங்கள். கவாத்து செய்த 2 முதல் 3 மாதங்களில் புதுக்கிளைகளில் பூ வரும் என்பதால் இந்த மாதத்துக்குள் வெட்டிவிடுங்கள். அதன் பால் நச்சுத்தன்மை கொண்டது, கையுறை இல்லாமல் வெட்டாதீர்கள். பெரணியைக் கொண்டுசெல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கல்யாண மண்டபம் போன்ற இடங்களில் மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் நின்றாலே அதன் ஓரங்கள் கருகத் தொடங்கும், நடுவர் வரும் நேரத்துக்குள் அழகு போய்விடும். குரோட்டன்ஸுக்கு நிழல்வலையின் கீழ் நிறம் ஏறாது. சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி வெளியே கொண்டுவாருங்கள், ஒரேயடியாக வைத்தால் இலை வெந்துவிடும்.

மண் தொட்டியில் வெளியே படியும் வெள்ளை உப்பை வினிகர் கலந்த நீரில் நனைத்த தூரிகையால் தேய்த்துக் கழுவலாம். அதன்மேல் காவி பூச வேண்டாம், ஈரம் பட்டால் மேசை விரிப்பில் ஒட்டிக்கொள்ளும். கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றும் வழக்கம் இருந்தால் காட்சிக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். அந்த வாடையும் அதை நாடி வரும் சிறு ஈக்களும் மேசைக்கு வரக் கூடாது. முந்தைய நாள் மாலையில் நீர் ஊற்றி, மூடிய வண்டியில், தொட்டிகளுக்கு இடையே வைக்கோல் திணித்து ஏற்றுங்கள். திறந்த லோடு ஆட்டோவில் நெடுஞ்சாலைக் காற்று செவ்வந்தி இதழ்களைக் கிழித்துவிடும். காட்சி முடிந்து திரும்பிய செடிகளை இரண்டு வாரமாவது மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். பலருடைய செடிகள் நெருங்கி நின்ற இடத்திலிருந்து மாவுப்பூச்சி ஒட்டிக்கொண்டு வருவது அடிக்கடி நடக்கிறது, இலைக்காம்பின் அடியைத் தூக்கிப் பார்த்தால் முதலில் அங்கேதான் தெரியும்.