அரிசி பில்லில் 91 சென்ட்: ஓக்லஹோமா சிட்டி விற்பனை வரி நியாயமா?

அரிசிமூட்டை
நேற்று 22 டாலருக்குப் பொன்னி அரிசி வாங்கினேன். பில்லில் வரி 91 சென்ட். 2024 ஆகஸ்ட் கடைசியில் மாநிலம் மளிகை மீதிருந்த தன் 4.5 சதவீத வரியை எடுத்துவிட்டது என்று எல்லோரும் கொண்டாடினோமே, அப்புறம் இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், நகரத்தின் 4.125 சதவீதம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒரு சதவீதம், அதாவது டாலருக்கு ஒரு சென்ட், 'மேப்ஸ்' என்கிற நகரத் திட்டங்களுக்கு. 2023 டிசம்பரில் வாக்கெடுத்து அதே சென்ட்டைத் தண்டர் கூடைப்பந்து அணியின் புது அரங்கத்துக்கும் எழுதி வைத்துவிட்டார்கள். செலவு குறைந்தது 90 கோடி டாலர், அணி தருவது 5 கோடி. முதலாளிகள் எல்லாம் பெரும் பணக்காரர்கள். அவர்கள் அரங்கத்துக்கு என் அரிசியில் ஏன் கை வைக்க வேண்டும்?

வாய்க்கால்கரை
ஒரு திருத்தம். அரங்கத்துக்கான சென்ட் 2028ல்தான் ஆரம்பம், 72 மாதம் ஓடும். நீங்கள் இப்போது கட்டுவது மேப்ஸ் 4, அதாவது அந்தத் திட்டங்களின் நாலாவது சுற்று. 2019ல் 72 சதவீதம் பேர் வாக்களித்து வந்தது அது. பூங்காக்கள், பேருந்து, வீடில்லாதவர்களுக்குக் குடியிருப்பு, மனநலச் சிகிச்சை, குடும்ப வன்முறையில் சிக்கியவர்களுக்கான மையம், தெருநாய்க் காப்பகம் வரை அதில் இருக்கின்றன. இதில் எதை வேண்டாம் என்கிறீர்கள்?

அரிசிமூட்டை
மேப்ஸ் 4 பணத்திலிருந்தே 7 கோடி டாலர் புது அரங்கத்துக்குப் போகிறது. அதை மட்டும் விட்டுவிட்டீர்களே.

வாய்க்கால்கரை
சரி, அது உண்மைதான்.

பழைய ஓக்கி
நான் இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வந்த புதிதில் ஊருக்கு நடுவே ஓடிய ஆற்றில் தண்ணீர் கிடையாது, புல்தான். நகராட்சி வண்டி உள்ளே இறங்கிப் புல் வெட்டும். இதைச் சொன்னால் இப்போது படகுப் போட்டி பார்க்கப் போகிறவர்கள் நம்புவதில்லை. 1982ல் இங்கிருந்த பென் ஸ்கொயர் வங்கி கவிழ்ந்தது, எண்ணெய் விலை சரிந்தது, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் டவுன்டவுனில் காக்கை குருவி இருக்காது. 1991ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானப் பராமரிப்பு மையம் அமைக்க இடம் தேடியது. நாமும் சலுகையைக் கொட்டிக் கொடுக்கத் தயாராக இருந்தோம். அவர்கள் இண்டியானாபொலிஸுக்குப் போனார்கள். எங்கள் ஆட்களை உங்கள் ஊரில் குடிவைக்க முடியாது என்பதுதான் காரணம் என்று அப்போதைய மேயர் ரான் நோரிக் பிறகு சொல்லுவார்.

அந்த அடிக்குப் பிறகு வந்ததுதான் மேப்ஸ். 1993 டிசம்பர், ஐந்து வருடத்துக்கு ஒரு சென்ட். 54 சதவீதம் ஆதரவில் தப்பிப் பிழைத்தது. கடன் பத்திரம் கிடையாது, கையில் காசு சேரச் சேரத்தான் வேலை. பேஸ்பால் மைதானம் 1998ல், டவுன்டவுன் பக்கத்துப் பிரிக்டவுனில் வாய்க்கால் 1999ல், உள்ளரங்கம் 2002ல். அந்த அரங்கம் இருந்ததால்தான் 2008ல் சியாட்டில் அணி இங்கே வந்து தண்டர் ஆனது. 2001ல் அடுத்த சென்ட்டைப் பள்ளிக்கூடக் கட்டடங்களுக்குக் கொடுத்தோம்.

நடுவில் ஒரு வேடிக்கை: யுனைடெட் 2003ல் இண்டியானாபொலிஸ் மையத்தை மூடிவிட்டது. 2025ல் தண்டர் கோப்பையை ஜெயித்ததும் இண்டியானா அணியைத் தோற்கடித்துத்தான்.

கணக்குப்பிள்ளை
ஐயா, கதை நன்றாக இருக்கிறது. ஐந்து வருடம் என்று ஆரம்பித்த சென்ட் முப்பது வருடம் கழித்தும் எப்படி நிற்கிறது என்பதை மட்டும் வேகமாகத் தாண்டிவிட்டீர்கள். முதல் தவணையிலேயே பணம் போதாமல் 1998ல் இன்னும் ஆறு மாதம் கேட்டு வாங்கினார்கள். பிறகு பள்ளிகள், பிறகு அரங்கச் சீரமைப்பு, மேப்ஸ் 3, மேப்ஸ் 4, இப்போது புது அரங்கம். பிந்தைய வாக்கெடுப்புகளில் சொல்வது ஒரே வாசகம்: "வரி விகிதம் உயரவில்லை." முடிய வேண்டிய வரியை முடிக்காமல் விடுவதும் உயர்வுதானே.

நான் உதாரணத்துக்குப் போட்ட கணக்கு இது. வருடம் 40,000 டாலர் சம்பாதிக்கும் குடும்பம் வரியுள்ள பொருள்களுக்கு 25,000 செலவழிக்கிறது என்று வையுங்கள். அந்த ஒரு சென்ட் மட்டும் 250 டாலர். இரண்டு லட்சம் சம்பாதிக்கும் குடும்பம் 50,000 செலவழித்தால் 500 டாலர். முதல் குடும்பத்துக்கு அது வருமானத்தில் 0.625 சதவீதம், இரண்டாவதுக்கு 0.25. பணக்காரர் வக்கீலுக்கும் ஆடிட்டருக்கும் கொடுக்கும் ஃபீஸுக்கு விற்பனை வரி இல்லை, பங்குச் சந்தையில் போடும் பணத்துக்கும் இல்லை. அரிசிக்கு உண்டு.

மாலதி
அரிசிமூட்டை அண்ணா, பில்லில் மீதி 3.125ஐ யாருமே பேசவில்லையே. அதில் 2.25 நகரத்தின் பொதுக் கணக்குக்கு. 0.75 போலீஸுக்கும் தீயணைப்புக்கும். 0.125 மிருகக்காட்சி சாலைக்கு.

போன மாதம் என் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். 911க்கு அழைத்தேன். ஆம்புலன்ஸுக்கு முன்னால் வந்து நின்றது சிவப்புத் தீயணைப்பு வண்டி. நாலு பேர் பூட்ஸோடு வீட்டுக்குள் வந்தார்கள், ஒருத்தர் மட்டும் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றார். "பரவாயில்லை, வாருங்கள்" என்றேன். அவர்கள் சம்பளத்தில் நம் மளிகைக் காசும் இருக்கிறது.

இந்த மாநிலத்தில் ஒரு விசித்திரம் உண்டு. வீட்டு வரியை நகரங்கள் அன்றாடச் செலவுக்கு எடுக்க முடியாது, கடன் பத்திரத்தை அடைக்கத்தான் பயன்படுத்தலாம். 2025 அக்டோபரில் சாலை, பாலம் என்று 270 கோடி டாலருக்கு வாக்களித்தார்களே, அது அந்த வழி. தார் போடுவது வீட்டு வரியில், போலீஸ்காரருக்குச் சம்பளம் விற்பனை வரியில். மளிகைக்கு விலக்கு கொடுத்தால் அந்த ஓட்டையை எதை வைத்து அடைப்பீர்கள்?

கணக்குப்பிள்ளை
நீங்கள் சொல்வதுதான் என் பயமும். போலீஸ் சம்பளம் கடை வியாபாரத்தை நம்பி இருக்கிறது. 2015-16ல் எண்ணெய் விலை விழுந்தபோது நகரம் பட்ஜெட்டை வெட்டியது ஞாபகம் இருக்கிறதா? வேலையும் அப்போதுதான் போகிறது, நகரத்தின் வருமானமும் அப்போதுதான் போகிறது.

மாலதி
அதனால்தான் மளிகை வரியை விடத் தயங்குகிறார்கள். எண்ணெய் விலை விழுந்தால் ஜனங்கள் டிவி வாங்குவதை நிறுத்துவார்கள், சாப்பிடுவதை நிறுத்த மாட்டார்கள். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஏழைகளுக்கு வலிக்கிறது, தெரியும். வேறு வழியை மாநிலம்தான் திறந்துவிட வேண்டும், நகரத்தைத் திட்டிப் பயனில்லை.

டல்லாஸ் பக்கம்
எல்லை தாண்டி ஒரு வார்த்தை. டெக்சஸில் அரிசி பருப்புக்கு வரி கிடையாது. மற்றதற்கெல்லாம் மாநிலம் 6.25, உள்ளூர் அதிகபட்சம் 2, மொத்தம் 8.25. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? எங்கள் வீட்டு வரிச் சீட்டு வருகிற மாதம் இங்கே வந்து பாருங்கள். நெஞ்சைப் பிடித்துக்கொள்வீர்கள்.

வாய்க்கால்கரை
கணக்குப்பிள்ளை, இந்த வரியை நாம் மட்டும் கட்டுவதில்லை. பக்கத்து ஊர்களான எட்மண்ட், மூர், நார்மன்காரர்கள் இங்கே வந்து சாப்பிட்டு, மேட்ச் பார்த்துவிட்டுப் போகிறார்கள். டல்லாஸிலிருந்தும் வருகிறார்கள். வருமான வரியோ வீட்டு வரியோ போட்டால் அவர்களிடம் ஒரு சென்ட் வாங்க முடியாது.

கணக்குப்பிள்ளை
வெளியூர்க்காரர் பிரிக்டவுனில் ஸ்டேக் சாப்பிடுவார், பொன்னி அரிசி மூட்டையா தூக்கிக்கொண்டு போவார்? ஓட்டலுக்கு வரி போடுங்கள், யார் வேண்டாம் என்றது?

இன்னொன்று. மேப்ஸ் 3ல் வாக்குச்சீட்டில் திட்டங்களின் பட்டியலே இல்லை. பட்டியல் கவுன்சில் போட்ட தனித் தீர்மானத்தில் இருந்தது. சட்டப்படி கட்டுப்படுத்துவது வரிக்கான சட்டம்தான். நல்லவேளை, சொன்னதைப் பெரும்பாலும் கட்டிவிட்டார்கள். ஆனால் நான் கேட்பது நம்பிக்கையை அல்ல, எழுத்தை.

பழைய ஓக்கி
இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். இன்னொரு குறையும் நானே சொல்கிறேன்: கட்டித் தருவது மேப்ஸ், பிறகு நடத்துவது பொதுக் கணக்கு. 2018ல் டிராம் வந்தது, கட்டுமானத்துக்கு மேப்ஸ் 3 பணம். தினமும் ஓட்ட யார் காசு? மேப்ஸ் 4ல்தான் சில திட்டங்களுக்கு நடத்தும் செலவுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கினார்கள். புத்தி வர 25 வருடம் ஆனது.

பச்சை அட்டை வரிசை
எல்லோரும் "வாக்களித்தோம், ஜெயித்தோம்" என்கிறீர்கள். நான் ஹெச்1பி வேலை விசாவில் வந்து பதினொரு வருடம், ஓட்டு கிடையாது. அரங்கத்துக்கு 71 சதவீதம் ஆதரவு என்று செய்தி பார்த்தேன், அதில் நான் இல்லை, எதிர்த்தவர்களிலும் இல்லை. வரி வாங்கும்போது கடைக்காரர் விசா கேட்பதில்லை.

அரிசிமூட்டை
தம்பி, நானும் அதே வரிசைதான். அதனால்தான் இங்கே வந்து கத்துகிறேன்.

பழைய ஓக்கி
அப்படியென்றால் இரண்டு பேரும் கவுன்சில் கூட்டத்துக்கு வாருங்கள். ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் காலை எட்டரைக்கு. பேச விரும்பினால் பெயர் கொடுத்தால் போதும், குடியுரிமை கேட்க மாட்டார்கள். மளிகைக்கு மட்டும் மேப்ஸ் சென்ட்டை விட முடியுமா என்று கேளுங்கள், நானும் பின்னால் நிற்கிறேன். அரங்கத்தைப் பற்றி மட்டும் நான் உங்கள் கட்சி இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அரிசிமூட்டை
செவ்வாய் எட்டரைக்கு எனக்கு ஆபீஸில் ஸ்டாண்ட்-அப் மீட்டிங். மேனேஜரிடம் கேட்டுப் பார்க்கிறேன். அந்த 91 சென்ட் பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.