அம்மாவின் தைரொயிட் ரிப்போட்டில் ஒன்று ஏறி ஒன்று விழுந்திருக்கிறது, குளிசையை நிறுத்துவதா?

தெஹிவளை மகள்
அவசரம். அம்மாவின் இரத்த ரிப்போட் நேற்றுப் பின்னேரம் கைக்கு வந்தது. டி.எஸ்.எச். 11.2, பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘எச்’, அதாவது கூட என்று போட்டிருக்கிறார்கள். போன வருடம் 2.8 தான். ஃப்ரீ டி4 போன முறை 14.2, இப்போது 0.9. இப்படியும் விழுமா? தைரொயிட் கூடிவிட்டது, இனிக் குளிசை வேண்டாம் என்று அம்மா இன்று காலை போடவில்லை. கிளினிக் திகதி அடுத்த மாதம்தான். நிறுத்துவதா, பாதியாக்குவதா, கூட்டுவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை அக்கா
தங்கச்சி, நிறுத்த வேண்டாம். இன்றைய குளிசையை இப்போதே கொடுங்கள், பிந்தினாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகு இவற்றைச் சொல்லுங்கள்: அம்மாவுக்கு வயது என்ன? எத்தனை மைக்ரோகிராம் போடுகிறார்? சுரப்பு குறைந்ததற்கா, அல்லது தைரொயிட்டை வெட்டி எடுத்ததற்கா? இதய வருத்தம் இருக்கிறதா? வேறு என்ன குளிசைகள்? இது ஒன்றும் தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

கொச்சிக்கடை
வீட்டில் கோவா (முட்டைக்கோஸ்), மரவள்ளி அடிக்கடி சமைக்கிறீர்களா? என் மாமிக்கும் இப்படித்தான் ஏறியது. கோவாவை விட்டதும் இறங்கியது. முதலில் சாப்பாட்டைப் பாருங்கள்.

ஹம்டன் ஒழுங்கை
இதே கேள்வி இங்கே எத்தனையோ தடவை வந்துவிட்டது. தேடிப் பார்க்காமல் புது இழை தொடங்குவதும், வயதைக்கூடச் சொல்லாமல் ‘அவசரம்’ என்பதும் வழக்கமாகிவிட்டது. அடிப்படை தெரியாதவர்கள் ரிப்போட்டைப் பிரித்துப் படித்துத் தாங்களே முடிவெடுக்கக் கூடாது. டி.எஸ்.எச். தைரொயிட் சுரக்கும் சாமான் அல்ல. மூளைக்கு அடியிலுள்ள பிட்டியூட்டரி சுரப்பி அனுப்புவது அது. தைரொயிட் சுரப்பது தைரொக்சின், அம்மாவின் குளிசையிலும் அதுதான் இருக்கிறது, ஃப்ரீ டி4 காட்டுவதும் அதன் அளவைத்தான். இரத்தத்தில் தைரொக்சின் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறும், கூடினால் இறங்கும். ஆகவே டி.எஸ்.எச். பக்கத்தில் ‘எச்’ என்றால் உடம்புக்கு மருந்து போதவில்லை என்றுதான் பொருள். நிறுத்தினால் இன்னும் ஏறும்.

வெள்ளவத்தை அக்கா
சொன்னது சரி அண்ணை, ஆனால் பிள்ளை பயத்தில் கேட்கிறாள். கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லலாமே. தங்கச்சி, சாப்பாட்டுக்கு வராத பிள்ளையைக் கூப்பிடும் தாயின் குரல் வரவரக் கூடும் அல்லவா, டி.எஸ்.எச். அப்படித்தான். குரல் பெரிதாகக் கேட்டால் பிள்ளை இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

ஆமர் வீதி லாப்
நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவன். 14.2 இலிருந்து 0.9 என்று எழுதியதைப் பார்த்ததும் ஒரு சந்தேகம். இரண்டு ரிப்போட்டும் வெவ்வேறு இடத்தில் எடுத்ததா? எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றில் பிக்கோமோல்/லீற்றர், மற்றதில் நானோகிராம்/டெசிலீற்றர் என்று இருக்கும் என நினைக்கிறேன். 1 நானோகிராம்/டெசிலீற்றர் என்பது ஏறக்குறைய 12.9 பிக்கோமோல்/லீற்றர். அப்படியானால் உங்கள் 0.9, பழைய கணக்கில் 11.6 வரும். 14.2 இலிருந்து 11.6. குறைந்திருக்கிறது, ஆனால் நீங்கள் பயந்த மாதிரி விழவில்லை. அந்த லாப் தன் பக்கத்தில் அச்சடித்திருக்கும் சாதாரண அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள், வேறு லாபின் அளவோடு வேண்டாம்.

இன்னொன்று, தலைமுடிக்கு, நகத்துக்கு என்று பயோட்டின் குளிசை போடுகிறவர்கள் பரிசோதனைக்கு இரண்டு நாட்களாவது முன்பே நிறுத்த வேண்டும். சில இயந்திரங்களில் அது டி.எஸ்.எச்.ஐக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் காட்டிவிடும். உங்கள் அம்மாவின் ரிப்போட் அதற்கு எதிர்ப்பக்கம் இருப்பதால் இது காரணமாக இராது, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

காலி வீதி பாமசி
யாரும் கேட்காத கேள்வி: குளிசையின் கம்பனி மாறியதா? தைரொக்சின் மிக நுட்பமான மருந்து, சின்ன வித்தியாசமும் ரிப்போட்டில் தெரியும். கிளினிக்கில் தருவதை விட்டுவிட்டு வெளியில் இறக்குமதிக் குளிசை வாங்குங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

கொட்டாஞ்சேனை
இதை ஒத்துக்கொள்ள முடியாது. விலை கூடியது நல்லது, அரசாங்கம் தருவது கூடாது என்ற எண்ணத்தை உடைக்கத்தான் பேராசிரியர் சேனக பிபிலே பாடுபட்டார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியதும் அதற்காகத்தான். எத்தனை குடும்பங்கள் இன்றும் அதன் மருந்துக்கடையான ஒசுசலவை நம்பி மருந்து வாங்குகின்றன. கிளினிக் குளிசையிலேயே ஒழுங்காக இருப்பவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

காலி வீதி பாமசி
பிபிலேயை நானும் மதிக்கிறேன். நான் சொல்வது இந்த ஒரு மருந்தைப் பற்றி. மாதத்துக்கு ஒரு கம்பனி என்று மாறினால் டோஸ் நிலைக்காது.

கொட்டாஞ்சேனை
அப்படியானால் ‘ஒரே கம்பனியில் இருங்கள், மாறினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பாருங்கள்’ என்று சொல்லுங்கள். அது சரியான பேச்சு. ‘இறக்குமதி வாங்குங்கள்’ என்பது வியாபாரம்.

ஹம்டன் ஒழுங்கை
இருவரும் இழையை வேறு பக்கம் கொண்டுபோகிறீர்கள். கம்பனியைவிட வைக்கும் இடம் முக்கியம். கடதாசி உறையில் போட்டுத் தந்த குளிசையை அடுப்படி ஜன்னலில் வைக்கிறார்கள். வெளிச்சம், சூடு, ஈரம் மூன்றும் தைரொக்சினைக் கெடுக்கும், கொழும்பில் ஈரத்துக்குக் குறைவில்லை. இறுக்க மூடும் போத்தலில், அலுமாரிக்குள் வைக்க வேண்டும். கோவாவைப் பற்றி எழுதியவருக்கும்: கோவா தைரொயிட்டுக்கு அயடீன் போவதைத்தான் தடுக்கும், ஆனால் 1995இலிருந்து இங்கே கடையில் வரும் உப்பு அயடீன் சேர்த்தது. அளவாகச் சமைத்துச் சாப்பிடும் கோவாவால் டி.எஸ்.எச். 11 ஆகாது. குளிசையில் வரும் தைரொக்சினைக் கோவா தடுப்பதும் இல்லை.

மருதானை உம்மா
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நோன்பு காலத்தில் இந்தக் குளிசையை எப்போது போடுவது? சஹருக்கு எழும்பியதும் சாப்பிட வேண்டியிருக்கிறது.

வெள்ளவத்தை அக்கா
உம்மா, இரவில் படுக்கும்போது போடலாம், கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் ஆகியிருந்தால் நல்லது. அல்லது சஹருக்கு அரை மணித்தியாலமாவது முந்தி எழும்பித் தண்ணீரோடு போடலாம். எதுவானாலும் மாதம் முழுக்க ஒரே நேரம். தொடங்க முன் உங்கள் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தெஹிவளை மகள்
எல்லோருக்கும் நன்றி. குளிசையைக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு 61. தைரொயிட் வெட்டவில்லை, சுரப்பு குறைவு. 75 மைக்ரோகிராம், அதாவது 50 ஒன்றும் 25 ஒன்றும். இதய வருத்தம் இல்லை, பிரெஷருக்கு ஒன்று போடுகிறார். லாப் அண்ணா சொன்னது சரி, போன வருடம் வேறு இடத்தில் எடுத்தது, அலகும் வேறுதான். இந்த வருடத் தொடக்கத்தில் இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்துக் குளிசையும், முழங்காலுக்குக் கல்சியமும் தந்தார்கள். எல்லாவற்றையும் காலையில் ஒன்றாகப் போட்டுப் பால்தேத்தண்ணி குடிப்பார், மறக்காமல் இருக்க.

வெள்ளவத்தை அக்கா
இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இரும்பும் கல்சியமும் வயிற்றுக்குள் தைரொக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்குள் போக விடாது. பால்தேத்தண்ணியும் உதவாது. போன வருடம் 2.8, புதிய குளிசைகள் வந்த பிறகு 11.2 என்றால் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும். காலையில் எழும்பியதும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைரொக்சின் மட்டும். அரை மணி முதல் ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி, பாண். இரும்பும் கல்சியமும் குறைந்தது நான்கு மணித்தியாலம் தள்ளி, அந்த இரண்டையும்கூட வெவ்வேறு வேளைகளில்.

காலி வீதி பாமசி
வயிற்றெரிவுக்கு ஒமிப்பிரசோல் போடுகிறாரா என்றும் பாருங்கள், அதுவும் உறிஞ்சுவதைக் குறைக்கும்.

ஹம்டன் ஒழுங்கை
டோஸை நீங்களாகவே 100 ஆக்கிவிட வேண்டாம். நேரத்தைச் சரிசெய்ததும் அதே 75 முழுதாக உள்ளே போகத் தொடங்கும். அதற்கு மேல் கூட்டியும் வைத்தால் பிறகு நெஞ்சு படபடப்பு, நித்திரையின்மை வரும், இந்த வயதில் இதயத் துடிப்பு தவறும், எலும்பும் தேயும். ஆனால் 10க்கு மேல் வந்த டி.எஸ்.எச்.ஐ அடுத்த மாதம் வரை வைத்திருக்கவும் கூடாது. கிளினிக் கொப்பியையும் இரண்டு ரிப்போட்டையும் கொண்டு இந்தக் கிழமையே ஒரு டொக்டரைப் பாருங்கள், சனல் பண்ணியாவது. அம்மா எழுப்ப முடியாத அளவுக்குத் தூங்கினால், உடம்பு குளிர்ந்து பேச்சுக் குழம்பினால், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கொச்சிக்கடை
என் மாமியும் அந்த நாட்களில் கல்சியத்தை நிறுத்தியிருந்தார், இப்போதுதான் யோசிக்கிறேன். ஆனாலும் மரவள்ளியைக் கொஞ்சம் குறைப்பது நல்லது.

தெஹிவளை மகள்
டொக்டரைப் பார்த்தாயிற்று. டோஸ் அதே 75. கல்சியம் பகல் சாப்பாட்டோடு, இரும்பு இரவில். ஆறு வாரத்தில் திரும்ப டி.எஸ்.எச். எடுக்கச் சொன்னார். நன்றி எல்லோருக்கும்.

கொட்டாஞ்சேனை
ஏன் ஆறு வாரம்? இரண்டு வாரத்தில் தெரியாதா?

ஆமர் வீதி லாப்
தெரியாது. தைரொக்சினின் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஒரு கிழமை ஆகும். புதிய அளவு நிலைப்பதற்கும், அதைப் பார்த்து டி.எஸ்.எச். இறங்குவதற்கும் ஐந்தாறு கிழமை வேண்டும். முந்தி எடுத்தால் காசுக்கும் நட்டம், பார்ப்பவருக்கும் குழப்பம். தங்கச்சி, இந்த முறை எடுத்த அதே லாபில் எடுங்கள். காலையிலேயே போங்கள், அன்றைய குளிசையை இரத்தம் கொடுத்த பிறகு போடச் சொல்லுங்கள். போட்டுவிட்டு வந்தால் ஃப்ரீ டி4 சில மணித்தியாலம் கூடக் காட்டும்.