1987 பாகப்பிரிவினை வழக்கின் டிக்ரி நகல்: வழக்கில் இல்லாதவர் எடுக்க முடியுமா?

கரிசல்மண்:
தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் பக்கம் இரண்டே முக்கால் ஏக்கர் புஞ்சை விலைக்கு வருகிறது. விற்பவரின் பத்திரத்தில் "1987ஆம் வருட ஓ.எஸ். வழக்கின் தீர்ப்பின்படி எனக்குக் கிடைத்த பாகம்" என்று இருக்கிறது (ஓ.எஸ். என்றால் அசல் சிவில் வழக்கு). வழக்கு எண்ணும் முன்சீப் கோர்ட் பெயரும் உண்டு, ஆனால் டிக்ரி நகல், அதாவது தீர்ப்பின்படி கோர்ட் எழுதித்தரும் முறையான உத்தரவின் நகல், அவரிடம் இல்லை. தொலைந்துவிட்டது என்கிறார். 1980லிருந்து வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, இந்த வழக்கைப் பற்றி ஒரு வரி கிடையாது. கோர்ட் வழக்குகளைத் தேடும் இ-கோர்ட்ஸ் தளத்தில் எண்ணைப் போட்டால் பதிவு இல்லை என்று வருகிறது.

நான் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. நகல் எடுக்க வழி உண்டா? இந்த நிலத்தின் மேல் இப்போது வேறு வழக்கு ஏதாவது ஓடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சுப்பு_விகேபுரம்:
தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி கோர்ட்டுக்கு மனு போடுங்கள். முப்பது நாளில் நகல் கொடுத்தே ஆக வேண்டும்.

பழங்கட்டு:
சுப்பு சார், அந்த வழி அடைபட்டுவிட்டது. நீதிமன்றக் கட்டில் (வழக்குக் கோப்பில்) இருக்கும் ஆவணங்களின் நகலை அந்தந்த நீதிமன்ற விதிப்படிதான் வாங்க வேண்டும், தகவல் உரிமை மனுவில் கேட்க முடியாது என்று குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்துவிட்டது. மனுவைப் போட்டால் "நகல் பிரிவை அணுகவும்" என்று ஒரு பதில் வரும். ஒரு மாதம் வீண்.

கரிசல்மண், முதலில் வில்லங்க விஷயம். நீதிமன்ற டிக்ரியைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று இல்லை. பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவிலேயே அதற்கு விலக்கு இருக்கிறது. (சமரச டிக்ரியில் வழக்குக்கு வெளியே உள்ள சொத்தும் சேர்ந்திருந்தால்தான் பதிவு வேண்டும்.) அதனால் சார்பதிவாளர் புத்தகத்தில் ஏறாமலே ஒரு டிக்ரி நாற்பது வருடம் செல்லுபடியாக இருக்கலாம். கோர்ட் ஜப்தி செய்து சார்பதிவாளருக்குத் தாக்கீது அனுப்பியிருந்தால் மட்டும் வில்லங்கத்தில் தெரியும்.

இ-கோர்ட்ஸில் வராததற்கும் காரணம் எளிது. அந்தத் திட்டமே 2007இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பே முடிந்துபோன வழக்குகள் பெரும்பாலும் கணினியில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் சங்கரன்கோவில் 2019 வரை திருநெல்வேலி மாவட்டம், ஆகவே மாவட்டப் பட்டியலில் தென்காசி, திருநெல்வேலி இரண்டையும் தேர்ந்தெடுத்துத் தேட வேண்டும்.

நகல் எடுக்கும் முறை இதுதான். கோர்ட்டின் நகல் பிரிவில் நகல் மனு தாக்கல் செய்ய வேண்டும். வழக்கு எண், ஆண்டு, இரு தரப்புப் பெயர், தீர்ப்புத் தேதி, எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். தீர்ப்புத் தேதி தெரியாவிட்டால் மனு பெரும்பாலும் திரும்பி வரும். ஆகவே முதலில் வக்கீல் குமாஸ்தா மூலம் சூட் ரெஜிஸ்டரை (கோர்ட்டின் வழக்குப் பதிவேட்டை) பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். வழக்கு என்ன ஆனது, எந்தத் தேதியில் முடிந்தது, மேல்முறையீடு போயிற்றா என்பது அந்த ஒரு வரியிலேயே தெரியும்.

விற்பவரே அந்த வழக்கில் வாதியாகவோ பிரதிவாதியாகவோ இருந்தவர் என்றால் அவர் பெயரிலேயே நகல் மனு போடச் சொல்லுங்கள், சிக்கல் இல்லை. நீங்கள் போட்டால் மூன்றாம் நபர். எதற்காக வேண்டும் என்று காரணம் சொல்லும் பிரமாணப் பத்திரம் சேர்க்க வேண்டும், நீதிபதி அனுமதித்த பிறகுதான் நகல். விலை பேசி எழுதிய ஒப்பந்தத்தின் ஜெராக்ஸை இணைத்தால் காரணம் நிற்கும். "தெரிந்துகொள்ள" என்று மட்டும் எழுதினால் நிற்காது.

மனு ஏற்கப்பட்டபின் எத்தனை பக்கம் என்று கணக்குப் பார்த்து, ஸ்டாம்ப் கட்டச் சொல்லி அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். தனியாக யாரும் போன் செய்து சொல்லமாட்டார்கள். கெடுவுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி, மறுபடி முதலிலிருந்து. நகல் மனு போட்டுவிட்டு மறந்துபோவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு.

ஷெட்யூல்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் என்னென்ன காகிதம் கேட்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். பாகப்பிரிவினை வழக்கில் முதல்நிலை டிக்ரி, இறுதி டிக்ரி என்று இரண்டு உண்டு. முதல்நிலை டிக்ரி "இவருக்கு மூன்றில் ஒரு பங்கு" என்று மட்டும்தான் சொல்லும். எந்தப் பக்கம், எத்தனை சென்ட், நான்கு எல்லை என்ன என்பது இறுதி டிக்ரியில்தான் வரும். அதற்கு அதே வழக்கில் தனியாக ஐ.ஏ. (இடைமனு) போட்டு, வக்கீல் கமிஷனர் நிலத்தை அளந்து, அறிக்கையும் வரைபடமும் தாக்கல் செய்திருக்க வேண்டும். பல குடும்பங்கள் முதல்நிலை டிக்ரியோடு நின்றுவிட்டு, அவரவர் அனுபவத்தில் இருக்கும் துண்டை "கோர்ட்டில் கிடைத்த பாகம்" என்று எழுதி விற்றுவிடுகின்றன. அப்படியானால் நீங்கள் வாங்குவது பிரிபடாத பங்கு, வேலி போட்ட அந்தத் துண்டு அல்ல.

ஆகவே நகல் மனுவில் தீர்ப்புரை, முதல்நிலை டிக்ரி, இறுதி டிக்ரி மனுவின் உத்தரவு, இறுதி டிக்ரி, கமிஷனர் அறிக்கை, வரைபடம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "டிக்ரி நகல்" என்று மொட்டையாகப் போட்டால் முதல்நிலை டிக்ரி மட்டும் கைக்கு வரும். வரைபடத்தைத் தனியாகக் குறிப்பிடாவிட்டால் விட்டுப்போகும்.

இறுதி டிக்ரி முத்திரைத்தாளில் எழுதப்பட்டதா என்றும் பாருங்கள். பாகப்பிரிவினையின் இறுதி உத்தரவுக்கு பாகப் பத்திரம் போலவே முத்திரைத் தீர்வை உண்டு. உத்தரவு வந்தும் யாரும் தாள் வாங்கிக் கொடுக்காமல் பல வருடம் அப்படியே கிடக்கும் வழக்குகள் ஏராளம்.

கரிசல்மண்:
நன்றி அண்ணாச்சி. விற்பவர் வழக்கில் ஐந்தாம் பிரதிவாதியாம், அவர் பெயரிலேயே போடச் சொல்கிறேன். கட்டை அழித்துவிட்டோம் என்று கோர்ட்டில் சொன்னால் என்ன செய்வது?

பழங்கட்டு:
வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காதீர்கள். 1917ஆம் வருடத்து ஆவண அழிப்புச் சட்டத்தின்படி சாட்சி வாக்குமூலம், இடைமனு, சம்மன் காகிதங்கள் எல்லாம் கெடு முடிந்தால் போய்விடும். தீர்ப்புரையையும் டிக்ரியையும் அப்படிக் கழிப்பதில்லை. கட்டு இல்லை என்பதற்குள் வேறு கதையும் இருக்கலாம். மேல்முறையீட்டுக்காக மேல் கோர்ட்டுக்குப் போன கட்டு திரும்பாமல் இருக்கலாம். புதிய நீதிமன்றம் வந்தபோதோ, முன்சீப் கோர்ட்டின் மதிப்பு வரம்பு மாறியபோதோ வழக்கு வேறு கோர்ட்டுக்கு மாறி, புது எண் பெற்றிருக்கலாம். மாற்றக் குறிப்பு பழைய ரெஜிஸ்டரின் கடைசிப் பத்தியில் இருக்கும்.

உண்மையிலேயே அழிந்திருந்தால் நகல் மனுவின் மேல் அப்படி மேலெழுத்து (கோர்ட்டின் எழுத்துக் குறிப்பு) எழுதி வாங்குங்கள். பின்னால் எங்காவது ஜெராக்ஸ் கிடைத்தால், அதை இரண்டாம்நிலைச் சான்றாக (அசல் இல்லாதபோது காட்டும் சான்றாக) காட்ட அந்த மேலெழுத்துதான் பிடிமானம்.

வாய்தா:
இப்போது ஓடும் வழக்கைத் தேடுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. மகாராஷ்டிரா, குஜராத்தில் சொத்து மேல் வழக்கு இருப்பதைப் பதிவு அலுவலகத்தில் பதிந்தால்தான் வாங்குபவரை அது கட்டும். நம் ஊரில் அந்த ஏற்பாடு இல்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, வழக்கு இருப்பது தெரியாமல் வாங்கினாலும் அதில் வரும் தீர்ப்பு உங்களைக் கட்டும். தேடுவது உங்கள் பொறுப்பு.

இ-கோர்ட்ஸில் சர்வே எண்ணை வைத்துத் தேட வழியில்லை, பெயர்தான். விற்பவர், அவர் அப்பா, உடன்பிறந்தார், ஏற்கெனவே விற்றுக்கொடுத்தவர்கள், நான்கு எல்லைக்காரர்கள் என்று பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டில்தான் மீன் தப்பும். சுப்பிரமணியன் என்பது கடைசியில் 'என்' போட்டும் இருக்கும், 'எம்' போட்டும் இருக்கும். சண்முகையாவுக்கு 'எஸ்'ஸுக்குப் பின் 'எச்' இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முழுப் பெயரை அடிக்காமல் நடுவில் மாறாத நாலைந்து எழுத்தை மட்டும் போடுங்கள், இனிஷியலை விட்டுவிடுங்கள். நிலுவை, முடிந்தது இரண்டையும் பார்க்க வேண்டும். ஆண்டை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். சங்கரன்கோவில் வளாகத்தோடு நிறுத்தாமல் மாவட்டத் தலைநகர் வளாகத்தையும் தேடுங்கள், பெரிய மதிப்பு வழக்கும் மேல்முறையீடும் அங்கே இருக்கும்.

தாக்கலாகி இன்னும் எண் ஆகாத வழக்கு, அதாவது எஸ்.ஆர். நிலையில் இருப்பது, வழக்கு எண் தேடலில் வராது. அதற்குத் தாக்கல் எண் தேடல் தனி. கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே தரும் மனு) தேடலும் தனியாக உண்டு. யாராவது கேவியட் போட்டிருந்தால் சண்டை வரப்போகிறது என்று அர்த்தம், அது 90 நாள்தான் உயிரோடு இருக்கும்.

வழக்கு ஒன்று கிடைத்துவிட்டால் அதன் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்ணை) குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் 16 இடம். முதல் நான்கு எழுத்து மாநிலமும் மாவட்டமும், அடுத்த இரண்டு இலக்கம் நீதிமன்றம், ஆறு இலக்கம் வரிசை எண், கடைசி நான்கு ஆண்டு. நடுவில் கோடு போடக் கூடாது. அங்கே கிடைக்கும் உத்தரவு பி.டி.எஃப். படிக்க மட்டும்தான், சான்றிட்ட நகல் ஆகாது.

உயர் நீதிமன்றத்துக்குத் தளமே வேறு. உங்களுக்கு மதுரைக் கிளை. அங்கே குடும்பப் பெயரில் எஸ்.ஏ., அதாவது இரண்டாம் மேல்முறையீடு, ஏதாவது கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். தீர்ப்பின் முதல் பக்கத்திலேயே கீழ்க் கோர்ட்டின் ஏ.எஸ். (முதல் மேல்முறையீட்டு) எண், ஓ.எஸ். எண், தீர்ப்புத் தேதிகள் வரிசையாக இருக்கும். பழங்கட்டு கேட்ட தேதி சூட் ரெஜிஸ்டரைத் தொடாமலே கிடைத்துவிடும்.

ஷெட்யூல்:
ஒரு சேர்க்கை. பட்டா மேல்முறையீடு கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலரிடம் நடப்பது இ-கோர்ட்ஸில் வராது, அந்தந்த அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். நிலத்தை வைத்து பெரிய வங்கிக் கடன் இருந்தால் மதுரை கடன் மீட்புத் தீர்ப்பாயத்தின் தளத்தையும் பாருங்கள். நகல் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை இருக்கிறதா, கடைசிப் பக்கத்தில் மனு போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். பிறகு சொத்து விவரத்தில் உள்ள பழைய சர்வே எண்ணை இன்றைய உட்பிரிவோடு ஒப்பிட வேண்டும், கிராமக் கணக்கில் பழைய எண்ணையும் புது எண்ணையும் இணைத்துக் காட்டும் தொடர்புப் பதிவேடு கேட்டால் கிடைக்கும்.